டச்சு விரிகுடாவில் ஒடிசியஸ்

கனடாவிலிருந்து வந்த மச்சாள் சொக்லேட்டோடு கொண்டுவந்து தந்தது, ஹோமரின் பழைய கிரேக்கக் காவியமான ஒடிசிக்கு எமிலி வில்சன் 2017இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒரு மாதமாகப் பின்னேரங்களில் டச்சு விரிகுடா மணலில் இருந்து சத்தமாக வாசித்தேன். கச்சான் விற்கிறவர் இரண்டு தரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் எத்தனை வரியோ அத்தனை வரிக்குள், வரிக்கு ஐந்து அழுத்தம் விழும் ஆங்கில யாப்பில் அடக்கியிருக்கிறார். கதை நிற்காமல் ஓடுகிறது. முதல் வரியிலேயே நாயகன் ஒடிசியஸ் 'சிக்கலான' ஆள். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் பலர் பணிப்பெண்கள் என்று பூசி மெழுகியவர்களை இவர் அடிமைகள் என்றே எழுதுகிறார். 22ஆம் காண்டத்தில் அவர்களில் 12 பேரைத் தூக்கிலிடும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

20 வருடம் கழித்து வந்த எசமானை அடையாளம் கண்டு வாலாட்டிச் செத்துப்போகும் நாய் ஆர்கோஸ் வேறு. அப்பா கடலுக்குப் போனால் எங்கள் வீட்டு நாயும் வாடியடியிலேயே கிடக்கும்.

கடவுளர் பேச்சில் மட்டும் கம்பீரம் போதவில்லை. கம்பனைக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. முன்னுரை நீளம். கதையை முடித்துவிட்டு அப்புறம் அதற்குப் போங்கள்.