சொடக்குச் சத்தத்துக்குக் கொடுத்த பன்னிரண்டாயிரம்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இடுப்பு வலியோடு நடமாடுகிறவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

எனக்கு மீன் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இருபது வருடமாக ஐஸ் போட்ட பெட்டியைத் தூக்கியதில் இடுப்பு போய்விட்டது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்கும்போதுதான் எங்களுக்கெல்லாம் வலி ஞாபகம் வரும். அந்தக் கணக்கு முகாம் போட்டுக் காசு பார்க்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. சரியாக ஏப்ரல் கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் பேனர் கட்டினார்கள்: 'மருந்தில்லா முதுகெலும்பு சிகிச்சை, முதல் நாள் இலவசம்.'

குப்புறப் படுக்கச் சொன்னார் அங்கே சிகிச்சை செய்த ஆள். இரண்டு குதிகாலையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு இடது கால் அரை அங்குலம் குட்டை, முதுகெலும்பு விலகியிருக்கு" என்றார். இடுப்பில் ஒரு அமுக்கு. சடசடவென்று சத்தம். மறுபடி குதிகாலைச் சேர்த்துக் காட்டினார், இரண்டும் சமம். கூட நின்ற ஐந்தாறு பேரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். பத்து முறை வர வேண்டும், ₹12,000 முன்பணம் என்றதும் நான்காயிரத்தை ஜிபேயில் அனுப்பி, மீதியை மறுநாள் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

சுவரில் ஒரு வெள்ளைக்காரர் படம் மாட்டியிருந்தது. 1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், காது கேட்காத ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கு முதுகெலும்பைத் தட்டிக் காது கேட்க வைத்தாராம், முதுகெலும்பைக் கையால் அமுக்கித் திருகும் இந்த கைரோபிராக்டிக் வைத்தியம் அப்படித்தான் பிறந்ததாம். கதை உண்மையிலேயே அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் காது நரம்பு மூளைக்கு நேராகப் போகிறது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கேட்காமல் கொள்ளாமல் கழுத்தைத் திருகினார். அன்று சாயங்காலம் முழுக்கத் தலை சுற்றல். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், மூட்டு வலிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்!

அம்மாவைத் தொடவில்லை. 'மூலிகைப் பொடி' ஒரு டப்பா, ₹900. மருந்தில்லா சிகிச்சை என்று பேனர் கட்டியவரிடம் பொடி எப்படி வந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றே நாளில் அம்மா மாடிப்படி ஏறினார். பசி பசி என்றார். இரண்டாவது டப்பாவும் வாங்கினோம். ஆறாவது வாரம் முகம் வட்டமாக வீங்கியது, கால் வீங்கியது, ஏற்கெனவே இருந்த சர்க்கரை நானூறைத் தாண்டியது.

அரசு மருத்துவமனையில் டாக்டர் டப்பாவைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஸ்டீராய்டு கலந்த பொடி இப்படித்தான் செய்யும் என்றார். முக்கியமான விஷயம் இது: பல வாரம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். உங்கள் வீட்டில் இப்படிப் பொடி இருந்தால் குப்பையில் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

என் இடுப்பைப் பார்த்த பிசியோதெரபி தங்கச்சி சிரித்துவிட்டது. "அண்ணே, விரல்ல சொடக்கு எடுத்தா வருதே, அதே சத்தம்தான். மூட்டுத் தண்ணியில காத்துக் குமிழ். எலும்பு எங்கயும் போகல, வரல." படுத்தவர் இடுப்பு லேசாகச் சரிந்தாலே ஒரு கால் குட்டையாகத் தெரியுமாம். வீட்டுக்கு வந்து டேப்பால் அளந்தேன். இரண்டும் ஒன்றுதான். கழுத்துத் திருகலைச் சொன்னதும் மட்டும் சிரிப்பு நின்றது. அபூர்வம்தான், ஆனால் கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாமாம்.

முறையாகப் படித்தவர் கை வைத்தால் இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு என்றும் அந்தத் தங்கச்சியே சொன்னது. வெளிநாடுகளில் இதற்குப் பல வருடப் படிப்பும் உரிமமும் இருக்கின்றன. இயற்கை வழிதான் வேண்டுமென்றால் நம்மிடமே ஐந்தரை வருடம் படித்த சித்த மருத்துவர்களும் இயற்கை மருத்துவர்களும் இருக்கிறார்கள். பதிவு எண் கேளுங்கள், சொல்வார்கள். நம் ஆளிடம் கேட்டிருந்தால் "மலேசியாவில் படித்தேன்" என்றுதான் சொல்லியிருப்பார். வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் போனாலோ எவரிடமும் அமுக்கிக்கொள்ள நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நான்கு முறை போயிருந்தேன். ஐந்தாம் முறைக்கு மண்டபம் பூட்டிக் கிடந்தது, போன் சுவிட்ச் ஆஃப். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கும் சாட்சி அந்த நான்காயிரம் ஜிபே மட்டும்தான். தொண்டிப் பக்கம் அதே பேனரைப் பார்த்ததாக ஐஸ் வண்டி டிரைவர் சொன்னதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மிச்சப் பொடியைப் புகாருக்காக அம்மா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன். நேற்றுகூடக் கேட்டார்: "அதத் தின்னப்ப நல்லாத்தானடா நடந்தேன், எங்கடா வச்ச?"