டீசல் வேனுக்கு மாற்று பேட்டரி: தண்ணீர் ஊற்றுவதா, சீல் போட்டதா, ஏஜிஎம்மா?

பேட்டரி கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஏஹெச் வேணும்?" என்றுதான். ஏஹெச் என்பது ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு. வேன் வைத்திருப்பவர் அதற்கு முன்பே யோசித்துக்கொண்டு போக வேண்டியவை இரண்டு. இன்ஜின் நின்றிருக்கும்போது வண்டியில் என்னென்ன ஓடுகிறது? பேட்டரி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த வகை என்பது பாதி முடிவாகிவிடும்.

இங்கே அலசுவது டெம்போ டிராவலர், விங்கர் மாதிரியான வேன்களை. 2.2 முதல் 2.6 லிட்டர் டீசல் இன்ஜின், 12 வோல்ட். பெரும்பாலும் 70 முதல் 100 ஏஹெச் வரைக்குள் ஒரு பேட்டரி இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாவியைத் திருப்பிய நொடியில் செல்ஃப் மோட்டார் பல நூறு ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கியதும் 200 ஆம்பியர் பக்கம் இறங்கும். சராசரியாக 200 ஆம்பியர், 3 நொடி என்று வைத்தாலும் ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது 0.2 ஏஹெச்சுக்கும் குறைவு. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஆல்டர்நேட்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதே வண்டி கோயில் வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டு டிவி, ஆம்ப்ளிஃபையர், உள்விளக்கு, செல்போன் சார்ஜர் என்று 18 ஆம்பியர் இழுத்தபடி 3 மணி நேரம் நின்றால் 54 ஏஹெச் போய்விடும். 80 ஏஹெச் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. செல்ஃப் அடித்து பேட்டரி சாவதில்லை. நிறுத்தி வைத்துப் பாட்டுப் போட்டுத்தான் சாகிறது.

ஸ்டார்ட்டர் பேட்டரியின் பிளேட்டுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். ஒரே நேரத்தில் பெரிய கரண்ட் தரவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். ஆழமாக வடித்து மறுபடி ஏற்றும் ஒவ்வொரு முறையும் பாசிட்டிவ் பிளேட்டின் ஈயப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் படியும். வடிந்த நிலையில் நாள்கணக்கில் விட்டால் சல்ஃபேட் கெட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியும் சீல் போட்ட கால்சியம் பேட்டரியும்

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் கமர்ஷியல் ரகத்தில் பிளேட்டின் ஈயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி கலந்திருக்கும். அதனால் தண்ணீர் அதிகம் குடிக்கும், சும்மா கிடந்தாலே சார்ஜ் வேகமாக இறங்கும். ஆனால் ஆழமாக வடிந்த பிறகும் சார்ஜரில் போட்டால் எழுந்து வரும். கால்சியம் ரகத்தில் கதை தலைகீழ். தண்ணீர் செலவு மிகக் குறைவு, சும்மா நின்றாலும் சார்ஜைப் பிடித்து வைக்கும், ஸ்டார்ட் செய்யும் வேகமும் நன்றாக இருக்கும். திரும்பத் திரும்ப ஆழமாக வடித்தால் மட்டும் தாங்காது: பாசிட்டிவ் பிளேட்டில் கம்பிவலைக்கும் பூச்சுக்கும் நடுவே கரண்ட் கடத்தாத ஒரு படலம் உருவாகி, கொள்ளளவு சீக்கிரமே குறைந்துவிடும்.

இன்னொன்று வெயில். பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. மே மாதத்தில் பானட்டுக்குள் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும் பேட்டரிக்கு 60 டிகிரி ஒன்றும் அபூர்வமில்லை. தண்ணீர் குறைந்தால் மூடி உள்ள பேட்டரியில் பார்த்து ஊற்றலாம். சீல் போட்டதில் அதற்கு வழியில்லை. மேலே சார்ஜ் நிலையைக் காட்டும் சின்னக் கண்ணாடி பச்சையாக இருக்கிறதே என்பார்கள்; அது இருப்பது ஆறு செல்களில் ஒன்றில் மட்டும். மற்ற ஐந்தின் நிலையை அது சொல்லாது.

ஆகவே நிறுத்தி வைத்து மின்சாரம் பயன்படுத்தும் சுற்றுலா வேனுக்கு மூடி உள்ள கமர்ஷியல் பேட்டரியே நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. 15 நாளுக்கு ஒருமுறை யாராவது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆசிட் கூடாது, ஆர்ஓ தண்ணீரும் கூடாது. ஓட்டுநர் அடிக்கடி மாறுகிற வண்டி, பார்க்க ஆளில்லை என்றால் கால்சியம் ரகமே பாதுகாப்பு, ஏனென்றால் பிளேட் தெரியுமளவு வற்றிய தண்ணீர் பேட்டரியைவிட மோசமானது எதுவுமில்லை.

பள்ளி வேனுக்கு என் தேர்வு மாறும். காலையிலும் மாலையிலும் ஓட்டம், நின்றிருக்கும்போது பெரிதாக லோடு இல்லை, கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும். சார்ஜைப் பிடித்து வைக்கும் கால்சியம் பேட்டரிதான் அதற்குச் சரி. ஆனால் ஜிபிஎஸ், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே நாளுக்கு 1.2 ஏஹெச், 30 நாளில் 36 ஏஹெச் போய்விடும். விடுமுறை தொடங்கும் அன்றே நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். வண்டிக் கண்காணிப்புக்கான ஏஐஎஸ் 140 தர ஜிபிஎஸ் பொருத்திய வண்டியானால் மெயின் பவர் துண்டிக்கப்பட்டதாக அந்தக் கருவி எச்சரிக்கை அனுப்பும். அதைக் கண்காணிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஈஎஃப்பியும் ஏஜிஎம்மும்

ஈஎஃப்பி என்பது வலுப்படுத்திய திரவ ஆசிட் பேட்டரி. பாசிட்டிவ் பிளேட்டின் மேல் ஒரு துணி மாதிரியான உறை இருப்பதால் பூச்சு உதிர்வது குறையும். சிக்னலில் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளுக்காக வந்தது. கம்பெனியிலிருந்தே ஈஎஃப்பி வந்த வண்டியில் சாதாரண பேட்டரி போடக் கூடாது. சார்ஜிங் முறையே அதை வைத்து அமைக்கப்பட்டிருக்கும். அந்த வசதி இல்லாத வேனிலும் தாராளமாகப் போடலாம். அரைகுறை சார்ஜில் ஓடிக்கொண்டே இருக்கும் நகர டெலிவரி வேனுக்கு, கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு இது நியாயம் செய்யும்.

ஏஜிஎம்மில் ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கும். சிந்தாது, குலுக்கல் தாங்கும், ஆழமாக வடிவதையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். விலை அதிகம். விலையைவிடப் பெரிய சிக்கல் சூடு. பானட்டுக்குள் வெந்து உள்ளிருக்கும் ஈரம் போனால் திரும்பச் சேர்க்க வழியே இல்லை. ஆல்டர்நேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட் போனால் தன் சூட்டிலேயே மேலும் சூடாகி உப்பிவிடும். பேட்டரி சீட்டுக்கு அடியிலோ பயணிகள் பகுதியிலோ இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அங்கே சூடு குறைவு. திரவ ஆசிட் பேட்டரி வெளிவிடும் ஹைட்ரஜன் மூடிய இடத்தில் தேங்கினால் ஒரு பொறி போதும், வெடிக்கும். எனவே அங்கே ஏஜிஎம் வைக்க வேண்டும். இல்லையென்றால் வாயுவை வெளியே கொண்டுபோகும் டியூப் உள்ள பேட்டரி வேண்டும்.

லித்தியம் பேட்டரியை ஸ்டார்ட்டர் வேலைக்கு இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். ஓடும்போது அதன் பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று துண்டித்தால் ஆல்டர்நேட்டர் வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவைப் பதம் பார்க்கும். இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியும் வேண்டாம். தடித்த பிளேட், ஒரே நொடியில் பெரிய கரண்ட் தராது. ரீகண்டிஷன் பேட்டரி அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவலாம். பயணிகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டிக்கு ஆகாது.

தினமும் மணிக்கணக்கில் பாட்டும் டிவியும் ஓடும் வண்டிக்கு எந்த ஒற்றை பேட்டரியும் முழுத் தீர்வில்லை. அவற்றுக்கென்று தனியாக, ஆழமாக வடிவதைத் தாங்கும் இரண்டாவது டீப் சைக்கிள் பேட்டரி வைத்து, நடுவே வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே போடுங்கள். சார்ஜ் 13.3 வோல்ட் பக்கம் ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8 பக்கம் இறங்கியதும் பிரிக்கும். இரவு முழுக்கப் பாட்டு ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்கும். இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனை அருகிலும் ஃபியூஸ் கட்டாயம்.

கடைக்குப் போகும் முன்

பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மீதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரி பலவீனம். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த செல் டெட். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் சந்தேகம் கேபிள்மேல் திரும்ப வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 0.5 வோல்ட்டுக்குள், பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். துருப்பிடித்த எர்த் கேபிளால் நல்ல பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. ஜனவரி விடியலில் 0 டிகிரிக்குப் பக்கமாகப் போனால் பேட்டரியின் ஸ்டார்ட் சக்தி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ஆயிலும் கெட்டியாகி இன்ஜின் சுற்றக் கனக்கும். சிஆர்டிஐ (காமன் ரெயில் டீசல்) இன்ஜினில் மெதுவாகச் சுற்றினால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் ஏறாது, இன்ஜெக்டர் திறக்காது. பழி ஊட்டிக் குளிர்மேல் விழும். பேட்டரியைக் கெடுத்தது கீழே சமவெளி வெயில். குளிர் அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். மலைப் பயணம் வாடிக்கையான வண்டிக்கு ஏஹெச் சமமாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரும் ஆம்பியரைச் சொல்லும் சிசிஏ அதிகமுள்ளதையே எடுங்கள்.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஜப்பான் முறையிலான 95டி31 ஏறத்தாழ 306 மில்லிமீட்டர் நீளம், 173 அகலம், 225 உயரம். டின் (DIN) என்ற ஜெர்மன் முறையில் அதற்குப் பக்கமான எல்4 பெட்டி 315, 175, 190. நீளம், அகலம் கிட்டத்தட்ட ஒன்று, உயரம் 35 மில்லிமீட்டர் வேறு. டின் பெட்டிக்கான டிரேயில் ஜப்பான் பெட்டியை வைத்தால் பாசிட்டிவ் முனை பானட்டில் இடிக்கலாம். ஷார்ட் ஆனால் தீதான். டின் பெட்டியை அடியில் உள்ள விளிம்பில் பிடிப்பார்கள், ஜப்பான் பெட்டியை மேலிருந்து பட்டை போட்டு இறுக்குவார்கள். பிடிமானம் பொருந்தாமல் ஆடும் பேட்டரி மலைப்பாதையில் சீக்கிரம் உதிரும். எண்ணின் கடைசியில் வரும் ஆர், எல் எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே உறுதி. டிரேயில் இடமிருந்தால் 80க்குப் பதில் 100 ஏஹெச் போடலாம். அதனால் ஆல்டர்நேட்டர் எரிந்துவிடும் என்பது கட்டுக்கதை.

கடையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்ததை எடுக்காதீர்கள். கண்ணெதிரே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.4க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். "24 பிளஸ் 24" என்று எழுதியிருந்தால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, அடுத்த 24இல் விலையில் ஒரு பகுதி தள்ளுபடி. வாடகை வண்டிக்கு வேறு காலம் போட்டிருக்கிறதா என்று கார்டில் படித்துவிட்டு, வண்டி எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.

மாட்டும்போது முதலில் நெகட்டிவைக் கழற்றி, கடைசியாக நெகட்டிவை மாட்டுங்கள். டிரேயில் ஆசிட் படிவு இருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடையுங்கள். டெர்மினலைச் சுரண்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் உள்ளே தடவ வேண்டாம். நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள பிஎஸ்6 வண்டியில் சார்ஜர் கிளிப்பை முனையில் கடிக்க விடாமல் சேசிஸ் எர்த்தில் போடுங்கள். முனையில் நேராகப் போட்டால் ஏறும் சார்ஜ் சென்சார் கணக்கில் வராது.