கோப்பைத் திறந்தார்கள், கணக்கைப் பார்க்கவில்லை: குறைதீர்ப்பாளர் சேவை குறித்த ஒரு மதிப்பீடு

அரசுத் துறைகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒன்றோடு பதினான்கு மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடத்தி முடித்த பிறகு இதை எழுதுகிறேன். எந்த அலுவலகம், எந்தத் துறை என்பதைச் சொல்லப்போவதில்லை. என் மனத்தாங்கல் பெரும்பாலும் இந்தச் சேவை வகுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பற்றியது. இத்தகைய அலுவலகங்களுக்குப் பொதுமக்கள் இணையத்தில் தரும் மதிப்பீடுகளைப் படித்தால் ஒற்றை நட்சத்திரங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. முடிவு சாதகமாக வராதவர்கள்தான் எழுதுகிறார்கள், சாதகமாக வந்தவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு முடிவு சாதகமாகவே வந்தது. அப்படியும் என்னால் திருப்தியடைய முடியவில்லை.

விவகாரம் சிறியது. என் தந்தை இறந்த பிறகு தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வழங்கிவந்த துறை, மூன்று ஆண்டுகள் கழித்து, தொடக்கத்தில் சில மாதங்களுக்குத் தகுதியில்லாமல் ஓய்வூதியம் வழங்கப்பட்டுவிட்டது என்றும், அந்த மிகைத்தொகை மாதாமாதம் பிடித்தம் செய்யப்படும் என்றும் ஒரு கடிதம் அனுப்பியது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த அடிப்படையில் என்ற விவரம் அதில் இல்லை. நாங்கள் மூன்று முறை எழுதிக் கேட்டோம். முதல் கடிதத்துக்கு ஒப்புகை வந்தது; இரண்டாவதற்கு, அவர்கள் முன்பு அனுப்பிய அதே கடிதத்தின் நகல் வந்தது; மூன்றாவதற்கு எதுவும் வரவில்லை. பிடித்தம் மட்டும் அந்த மாதமே தொடங்கிவிட்டது.

குறைதீர்ப்பாளரிடம் செல்வதற்கு முன் சம்பந்தப்பட்ட துறையிடமே முறையிட்டு, அதன் இறுதிப் பதிலைப் பெற்றிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. தவறைத் திருத்திக்கொள்ளும் முதல் வாய்ப்பைத் துறைக்கே தரவேண்டும் என்ற நியாயம் அதன் பின்னால் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துறை வாய் திறக்காதபோது என்ன செய்வது? துறை பதில் தரவில்லை என்பதே எங்கள் புகார்; துறையின் இறுதிப் பதில் இணைக்கப்படாததால் புகாரை ஏற்க இயலாது என்று அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. எட்டு வாரங்கள் காத்திருந்து, பதில் வராததற்கான சான்றாக அஞ்சல் ரசீதுகளை இணைத்து மறுபடி அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார்கள். இதற்கும் மேலே தாண்டவேண்டிய வாசல்கள் சில நாடுகளில் உண்டு. பிரிட்டனில் மத்திய அரசுத் துறை ஒன்றின் மீதான புகார், 1967-இல் வகுத்த முறைப்படி, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவே நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரைச் சென்றடைய வேண்டும்.

ஏற்றுக்கொண்ட பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், நீண்ட காலம் எதுவும் நடக்கவில்லை என்பதே நேர்மையான பதில். விசாரணை அலுவலர்களாக ஒருவர் மாற்றி ஒருவராக மூவர் வந்தார்கள். ஒவ்வொரு புதியவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, புகாரின் சாரத்தை ஒருமுறை சுருக்கிச் சொல்லும்படி கேட்டார்; அப்படிச் சுருக்கியதில் மூன்றாவது வடிவம் முதல் வடிவத்தைவிடத் தெளிவாக அமைந்தது என்ற ஒரு நன்மை எங்களுக்குக் கிடைத்தது. மூவருமே மரியாதையாகப் பேசினார்கள். என் தாயாரின் வயதை அறிந்து, தொலைபேசியில் பொறுமையாக, ஒன்றையே இரண்டு முறை விளக்கினார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் யாரோ நம் பேச்சைக் கேட்கிறார்கள் என்ற உணர்வே பலருக்கு முதன்முறையாக இங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஏழாம் மாதத்தில் ஒரு திருப்பம் வந்தது. முழு விசாரணைக்குச் செல்லாமல் சமரசமாக முடித்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டார்கள். மிகைத்தொகையில் பாதியைத் துறை தள்ளுபடி செய்தால் புகாரைத் திரும்பப் பெறுவீர்களா என்பது கேள்வி. வேலியைத் தள்ளிப்போட்டதால் சச்சரவிடும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாதிக்குப் பாதி பொருத்தமான தீர்வாக இருக்கலாம். இங்கே கேள்வி, ஒரு தேதி சரியா தவறா என்பது. தேதி தவறென்றால் என் தாயார் எதையும் தரவேண்டியதில்லை. சரியென்றால் முழுவதையும் தரவேண்டும். இதில் பாதி எங்கிருந்து வருகிறது? மறுத்துவிட்டோம். ஆனால் மாதாமாதம் குறைந்து வரும் ஓய்வூதியத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை மாதம் ஆகுமோ என்று அஞ்சும் எத்தனை பேர் அந்தப் பாதிக்குத் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவையெல்லாம் பதிவேட்டில் 'சுமுகமாகத் தீர்க்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ்தான் வரும்.

பதினான்காம் மாதத்தில் முடிவு வந்தது. கடிதங்களுக்குப் பதில் தராததும், கணக்கின் அடிப்படையை விளக்காமல் பிடித்தம் தொடங்கியதும் நிர்வாகச் சீர்கேடு என்று அலுவலகம் கண்டது. துறை மன்னிப்புக் கோரவேண்டும், அலைச்சலுக்காக ஒரு சிறு தொகை தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த பத்தியில், மிகைத்தொகையைக் கணக்கிட்டது துறையின் அதிகாரத்துக்கு உட்பட்ட முடிவு என்றும், அந்த முடிவு சரியா என்று ஆராய்வது தங்கள் பணி அல்ல என்றும் எழுதியிருந்தார்கள். புகார்ப் படிவத்தில் 'நீங்கள் எதிர்பார்க்கும் தீர்வு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'கணக்கை மறுபடி போட்டுக் காட்ட வேண்டும்' என்று அதில் எழுதியிருந்தோம். அது தங்களால் இயலாத காரியம் என்பதைப் பதினான்கு மாதங்களில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

முடிவோடு, துறை தன் விளக்கத்தில் இணைத்திருந்த கணக்குத் தாளின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். அதைப் படிக்க எனக்குப் பத்து நிமிடங்கள் ஆயின. தந்தை வெளியூரில் இறந்ததால் இறப்புப் பதிவு நான்கு மாதங்கள் தாமதமாகியிருந்தது. துறை அந்தப் பதிவுத் தேதியையே இறந்த தேதியாக எடுத்துக்கொண்டு, இடைப்பட்ட நான்கு மாத ஓய்வூதியத்தை மிகைத்தொகை என்று கணக்கிட்டிருந்தது. இரண்டு தேதிகளும் ஒரே சான்றிதழில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியுள்ளன. அந்தச் சான்றிதழும் கணக்குத் தாளும் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தின் கோப்பில் ஐந்து மாதங்கள் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. நாங்கள் இதைச் சுட்டிக்காட்டித் துறைக்கு எழுதியதும் மூன்று வாரங்களில் பிடித்தம் நின்றது. பிடித்த தொகையும் திரும்ப வந்தது.

இதை ஓர் அலுவலரின் அசட்டை என்று எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் அவர் தன் சட்டத்தின்படிதான் நடந்திருக்கிறார். பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டு நாடாளுமன்ற ஆணையர் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நிர்வாகச் சீர்கேடு இன்றி எடுக்கப்பட்ட ஒரு முடிவின் சரி தவறைக் கேள்விக்குள்ளாக்கும் அதிகாரம் ஆணையருக்கு (நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளரின் சட்டப் பெயர் இதுதான்) இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முடிவு வேறு, அதை எடுத்த முறை வேறு என்ற இதே பிரிவினையில்தான் இந்த வகை அலுவலகங்கள் பலவும் நிற்கின்றன. நிர்வாகச் சீர்கேடு என்றால் என்னவென்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன், பாரபட்சம், அலட்சியம், தாமதம், திறமையின்மை, தான்தோன்றித்தனம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு பட்டியல் போட்டார். பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் நடந்துகொள்ளும் முறை பற்றியவை. அதாவது, பொறுமையாகவும் முறையாகவும் விளக்கமாகவும் ஒரு தவறான முடிவை எடுத்தால் துறை அநேகமாகத் தப்பித்துக்கொள்ளும். தவறான தேதியை எடுத்துக்கொண்டது திறமையின்மையில் சேராதா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். சேரும் என்றே நினைக்கிறேன். அதற்கு யாராவது அந்தத் தேதியைப் பார்த்திருக்க வேண்டும்.

மக்களின் அதிருப்தியில் பாதி இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். தமிழில் இந்தப் பதவிக்கு நாம் வைத்திருக்கும் பெயரும் உதவவில்லை. 'குறைதீர்ப்பாளர்' என்ற சொல்லில் குறையைத் தீர்ப்பதும் இருக்கிறது, தீர்ப்பும் ஒலிக்கிறது. அலுவலகமோ இரண்டில் ஒன்றையும் முழுதாகச் செய்வதில்லை. மூலச் சொல்லான ஆம்புட்ஸ்மன் ஸ்வீடிஷ் மொழியில் ஒருவர் சார்பில் செயல்படும் பிரதிநிதியைக் குறிக்கும். ஸ்வீடன் 1809-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் நாடாளுமன்றத்தின் சார்பில் அதிகாரிகளைக் கண்காணிக்க இப்பதவியை உருவாக்கியது; கடமை தவறிய அதிகாரி மீது வழக்குத் தொடரும் அதிகாரம் அங்கே இன்றும் உண்டு. டென்மார்க் 1955-லும் நியூசிலாந்து 1962-லும் இம்முறையை ஏற்று, அங்கிருந்து அது உலகெங்கும் பரவியபோது, பெயர் பயணம் செய்த அளவுக்கு அந்த அதிகாரம் பயணம் செய்யவில்லை. இன்றைய அலுவலகங்கள் பலவற்றின் கையில் இருப்பது பரிந்துரை ஒன்றுதான்.

பரிந்துரையைத் துறை ஏற்காவிட்டால்? பிரிட்டனில் ஓய்வூதிய வயது உயர்த்தப்பட்டதை 1950-களில் பிறந்த பெண்களுக்கு உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்ற புகாரைப் பல ஆண்டுகள் விசாரித்த குறைதீர்ப்பாளர், 2024 மார்ச்சில் தலா 1,000 முதல் 2,950 பவுண்டு வரையிலான இழப்பீட்டைச் சுட்டி அறிக்கை அளித்தார். துறை இணங்காது என்ற ஐயத்தால் விஷயத்தை நாடாளுமன்றத்தின் முன்னும் வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரசு சீர்கேடு நடந்ததை ஒப்புக்கொண்டது, கடிதங்கள் தாமதமானதற்கு மன்னிப்பும் கேட்டது, இழப்பீடு தர மறுத்துவிட்டது. இதோடு ஒப்பிட, அதே நாட்டில் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதிக் குறைதீர்ப்பாளரின் முடிவு, புகார்தாரர் ஏற்றுக்கொண்டால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முடிவு அரசுத் துறையை மட்டும் ஏன் கட்டுப்படுத்தக் கூடாது என்ற கேள்விக்கு, நாடாளுமன்றத்தின் மேலாண்மை, செலவுக் கட்டுப்பாடு என்று கற்றறிந்த விடைகள் இருக்கின்றன. எனக்கு அவை போதவில்லை.

இன்னொன்று, சாட்சியம். இந்த அலுவலகங்கள் பெரும்பாலும் துறை தரும் ஆவணங்களையும் விளக்கங்களையும் வைத்தே முடிவுக்கு வருகின்றன. துறை மறைத்தால் விசாரணை வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகிவிடும். ஆஸ்திரேலியாவில் நலத்திட்டப் பயனாளிகளின் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, கணினி வழியாகக் கடன் சுமத்திய 'ரோபோடெட்' திட்டத்தை அந்நாட்டுக் குறைதீர்ப்பாளர் விசாரித்து 2017 ஏப்ரலில் அறிக்கை தந்தார். திட்டத்தின் சட்டப்பூர்வத் தன்மை குறித்து 2014-லேயே துறைக்குள் எழுந்திருந்த சட்ட ஆலோசனை அவருக்குச் சரியாகக் காட்டப்படவில்லை. அவருடைய அறிக்கையோ திட்டத்துக்கு நற்சான்று போலப் பின்னாளில் பயன்பட்டது. 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் திட்டத்தின் அடிப்படை சரிந்தது. சுமார் 4,70,000 கடன்களின் பேரில் வசூலித்ததைத் திருப்பித் தருவதாக அரசு 2020-இல் அறிவித்தது. குறைதீர்ப்பாளர் எப்படி ஏமாற்றப்பட்டார் என்பதை அரசு அமைத்த விசாரணைக் குழுவான அரச ஆணையம் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

மேல்முறையீடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். விசாரணை முறைப்படி நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். அதற்கு மேல் நீதிமன்றம். நீதிமன்றச் செலவு கட்டுப்படியாகாதவர்கள்தான் முதலிலேயே இங்கே வந்தவர்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்தச் சேவையைத் தவிர்க்கும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன். கட்டணம் இல்லை, ஐரோப்பியப் பேரவையின் அரசியலமைப்புச் சட்ட ஆலோசனைக் குழுவான வெனிஸ் ஆணையம் 2019-இல் வகுத்த இருபத்தைந்து கோட்பாடுகளும் குறைதீர்ப்பாளரை அணுகுவது இலவசமாக இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. வக்கீல் தேவையில்லை. துறை பதில் தரவில்லை, கோப்பைக் காணவில்லை, ஆவணத்தைத் தர மறுக்கிறார்கள் என்பது உங்கள் குறையானால், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மூன்று கடிதங்களுக்கு அசையாத துறை, குறைதீர்ப்பாளரின் ஒரு கடிதத்துக்குக் கணக்குத் தாளை எடுத்து நீட்டியது. துறையின் முடிவே தவறு என்பது உங்கள் குறையானால், படிவத்தில் தீர்வைக் கேட்கும் அதே கட்டத்தில் ஆவணங்களின் நகலையும் கேளுங்கள், வந்ததும் நீங்களே படியுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏதும் அந்த விஷயத்துக்கு இருந்தால் அதன் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இங்கே காத்திருந்த மாதங்களை அங்கே கழித்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது. என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்றரை, தொலைபேசியில் பேசிய அந்த மூவருக்கானது.

முடிவு வந்த மறுநாள் ஒரு கருத்துக் கணிப்பும் வந்தது. இணையதளம் பயன்படுத்த எளிதாக இருந்ததா, அலுவலர் மரியாதையாக நடந்துகொண்டாரா, கடிதங்களின் மொழி புரிந்ததா என்று ஒன்பது கேள்விகள். சிக்கல் தீர்ந்ததா என்ற கேள்வி அவற்றில் இல்லை. மரியாதைக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். வேறு கருத்து ஏதேனும் உண்டா என்று கடைசியில் இருந்த கட்டத்தில், இரண்டாம் பக்கத்தில் உள்ள தேதியை ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.