ராட்வைலர் நாய்க்குட்டி வாங்கி 28,000 ரூபாய் போச்சு, குட்டியும் போச்சு. வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

நேத்து காலைல குட்டியை புதைச்சோம். இன்னும் கோவம் அடங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. குட்டி வித்த ஆளு பேரு, அவனோட நாய்ப் பண்ணை பேரு எதையும் போடல, வீட்டுக்காரர் வேணாம்னு சொல்லிட்டார். பழைய சாமான் விக்கிற ஆப்ல விளம்பரம் போட்டு, தோட்டத்து வீட்டுல வெச்சு குட்டி விக்கிற ஆளு, அவ்வளவுதான் சொல்ல முடியும். நடந்ததைச் சொல்லிட்டு, குட்டி வாங்கறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன்.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்துக்குள்ள வீடு. இந்த வருஷம் மட்டும் ரெண்டு தடவை கிணத்து மோட்டார் கேபிளை அறுத்துட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் லாரிக்குப் போயிட்டா நானும் அத்தையும் பையனும்தான். அதனாலதான் ராட்வைலர். 2024ல சென்னைல பார்க்குல ஒரு சின்னப் பொண்ணை இந்த நாய் கடிச்ச நியூஸ் வந்ததுலருந்து வீட்டுக்காரருக்கு இதுல இஷ்டமே இல்ல, நான்தான் குட்டிலருந்தே ஆளுங்களோட பழக்கி சொன்ன பேச்சு கேக்க வெச்சா நல்ல காவல் நாய்னு மூணு மாசம் படிச்சு, வீடியோ பாத்து, அவரை ஒத்துக்க வெச்சேன். பால் ஊத்துற காசுல சேத்து வெச்ச பணம் 28,000. அதுல 5,000 அட்வான்ஸ் அனுப்பிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை நானும் அத்தையும் பையனும் வாடகை கார்ல போனோம். அந்தாளு பேசின பேச்சை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. காசைப் பத்தி ஒரு வார்த்தை முதல்ல பேசல. "அக்கா, வீட்டுல தரை என்ன, டைல்ஸா? சாக்கு விரிச்சு விடுங்க, இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு வீக், வழுக்கி வழுக்கி நடந்தா பெருசானதும் கஷ்டப்படும். மாடிப்படி ஏற விடாதீங்க. ஒரு நாளைக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு"ன்னு அவ்வளவு அக்கறையா சொன்னான். "கண்ட ஆளுக்கெல்லாம் நான் குடுக்க மாட்டேன்க்கா, உங்க குரல் கேட்டப்பவே தெரிஞ்சுச்சு"ன்னு வேற. அவங்க அம்மா டீ போட்டுக் குடுத்து, குட்டியை என் கைல குடுக்கும்போது அது நெத்தில விபூதி வெச்சு விட்டாங்க. அதுலதான் நான் விழுந்தேன். சாமி பேரைச் சொல்லிக் குடுக்கிறவங்க ஏமாத்துவாங்களான்னு அப்பவே மீதி 23,000 ஜிபே பண்ணிட்டேன்.

அத்தை அப்பவே சொன்னாங்க. தாய் நாய்னு தூரத்துல கூண்டுல ஒண்ணைக் காட்டினான், கிட்டப் போகாதீங்க கடிச்சிரும்னான். அத்தை என் காதுல, "ஏம்மா, குட்டி போட்ட நாய்க்கு மடி தொங்காம இருக்குமா? இது ஈன மாதிரியே தெரியலையே"ன்னாங்க. நாப்பது வருஷமா மாடும் ஆடும் வளத்தவங்க. நான் "சும்மா இருங்க அத்தை, அவருக்குத் தெரியாததா"ன்னு வாயை அடைச்சுட்டேன். அத்தைகிட்ட அப்படிப் பேசினது எனக்கு இப்ப பணம் போனதை விட உறுத்துது.

எல்லாக் குட்டி கழுத்துலயும் ஒரு கலர் ரிப்பன், எங்களுது ரோஸ். பையன் ராணின்னு பேரு வெச்சான். 45 நாள் ஆச்சு, முதல் ஊசி போட்டாச்சு, தோலுக்கடியில வெக்கிற அடையாள மைக்ரோசிப் இருக்கு, கேசிஐ பேப்பர் (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா குடுக்குற இனப் பதிவுச் சான்று) மூணு மாசத்துல போஸ்ட்ல வரும்னு சொல்லி ஒரு ஊசி கார்டு குடுத்தான்.

திங்கக்கிழமை ராத்திரி வாந்தி. போன் பண்ணினா, "இடம் மாறின பயம்க்கா, தயிர் சாதம் குடுங்க". செவ்வாய்க்கிழமை விடியக்காலைல ரத்தமா போச்சு, அந்த நாத்தத்தை சொல்ல முடியாது. திண்டுக்கல்ல டாக்டர்கிட்ட ஓடினோம். ஒரு ஸ்ட்ரிப்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு பார்வோன்னு சொல்லிட்டார், நாய்க்குட்டிங்க குடலைத் தாக்குற வைரஸ் நோய். ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளுக்கு இந்த நோய் வந்தா ரொம்பக் கடுமையா தாக்குமாம். வாயைத் திறந்து பாத்துட்டு "கடவாய்ப் பல்லே வரலம்மா, இது 45 நாள் இல்ல, ஒரு மாசம் ஆகியிருந்தா பெருசு"ன்னார். தாய்ப்பால் குடிக்க வேண்டிய குட்டியை பிரிச்சு வித்திருக்கான். கார்டைப் பாத்தார். அதுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வெறிநாய்க்கடி ஊசியோடது! அது மூணு மாசத்துல போடுற ஊசியாம். பார்வோவுக்கு ஊசியே போடல, டாக்டர் கையெழுத்தும் இல்ல. சிப் ஸ்கேனரை கழுத்துலருந்து வால் வரைக்கும் வெச்சுப் பாத்தார், ஒண்ணும் காட்டல.

கிருமி உள்ள போய் நோயா வெளிய தெரிய குறைஞ்சது மூணு நாலு நாள் ஆகும்னு டாக்டர் சொன்னார். எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆச்சு. அப்ப எங்க வாங்கிட்டு வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

இதை அப்படியே அவன்கிட்ட சொன்னேன். "பால் குடுத்தீங்களா? பால் குடுத்தா இப்படித்தான் ஆகும்"னான். புதன்கிழமை ஒரு வாய்ஸ் மெசேஜ், "எங்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, நீங்க எங்க விட்டீங்களோ". வியாழக்கிழமை, "அடுத்த ஈத்துல ஒண்ணு தரேன், பாதி காசு மட்டும் குடுங்க"ன்னான். 28,000 வாங்கினவன் இன்னும் 14,000 கேக்குறான்! அப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். வெள்ளிக்கிழமை அத்தை போன்லருந்து கூப்பிட்டா அவங்க அம்மா எடுத்து "தம்பி வெளிய போயிருக்குங்க"ன்றாங்க, பின்னாடி அவன் குரல் எனக்கு நல்லாக் கேக்குது. விபூதி வெச்ச அதே அம்மா.

நாலு நாள் காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை டிரிப்ஸ். அந்தச் சின்னக் கால்ல ஊசி குத்த நரம்பே கிடைக்கல, நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், கத்தக்கூட அதுக்கு தெம்பில்ல. டெஸ்ட், மருந்து, டிரிப்ஸ் எல்லாம் சேத்து 9,600. டாக்டரைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, கடைசி நாள் பீஸே வாங்கல. சனிக்கிழமை விடியறதுக்குள்ள போயிருச்சு. 28,000 குட்டிக்கு, 9,600 வைத்தியத்துக்கு. இதுக்கு மேல, பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா, ஒரு வருஷம் கூட உயிரோட இருக்குமாம், பிளீச்சிங் பவுடர் கரைச்சு வீடு பூரா கழுவச் சொன்னார், இப்போதைக்கு வேற குட்டி கொண்டுவரக் கூடாதுன்னுட்டார். அப்ப காவலும் இல்ல.

2017ல வந்த சட்ட விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாதாம், விக்கிறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணுமாம். மூணு மாசம் தேடித் தேடிப் படிச்ச எனக்கு இது டாக்டர் சொல்லித்தான் தெரியும். நாளைக்கு ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போறோம், ஜிபே ரசீதும் வாய்ஸ் மெசேஜும் இருக்கு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், முடியல, கண்ணு எரியுது. தாய் நாய் மடியை கிட்டப் போய்ப் பாருங்க, அது குட்டிக்குப் பால் குடுக்குறதைப் பாருங்க. ஊசி கார்டுல ஸ்டிக்கர்ல என்ன பேரு இருக்குன்னு படிங்க, போட்ட டாக்டருக்கு அங்கேயே போன் பண்ணுங்க. சிப் இருக்குன்னா ஸ்கேன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. பல்லைப் பாருங்க. டாக்டர்கிட்ட காட்டாம முழுப் பணம் குடுக்காதீங்க. வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொன்னா நின்னு கேளுங்க.

இதை இன்னிக்கே போடுறதுக்குக் காரணம், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன்ல அவனோட வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் பாத்தேன். ராணியோட பொறந்த பச்சை ரிப்பன் குட்டி இருக்கு. "லாஸ்ட் ஒண்ணு, வேக்சின் போட்டாச்சு, 28,000"ன்னு போட்டிருக்கான். அது நெத்திலயும் விபூதி இருக்கு. யாராவது அட்வான்ஸ் அனுப்பியிருந்தீங்கன்னா இன்னிக்கு ராத்திரியே அந்தக் குட்டியை ஒரு டாக்டர்கிட்ட கொண்டு போங்க.