மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாள்: வேளாண் மாணவர்களுக்கு ஏற்ற ஆங்கிலப் பாடம்

பூச்சிமருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைப் பெரும்பாலும் யாரும் பிரிப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பு வேளாண் பிரிவுக்குத் தொழில்சார் ஆங்கிலம் நடத்த அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆனால் அப்படியே கொடுக்க முடியாது. எழுத்து அவ்வளவு பொடி. ஏ3 தாளில் பெரிதாக்கி, தமிழ்ப் பகுதியை வெட்டி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், விடைத்தாள் அதுதான். காலி டப்பாவை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது, கழுவினாலும் மருந்து ஒட்டியிருக்கும்.

இதன் பெரிய பலம் அளவு அட்டவணை. பிழை விழுவதும் அங்கேதான். 'பர் ஹெக்டேர்' என்றிருப்பதை மாணவர்கள் பழக்கத்தில் ஏக்கர் என்றே படிக்கிறார்கள். ஹெக்டேருக்கு 100 மி.லி. மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்றால் லிட்டருக்கு 0.2 மி.லி., 10 லிட்டர் டேங்குக்கு 2 மி.லி. அந்த 100 மி.லி.யை ஒரு ஏக்கருக்கு ஊற்றினால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு! அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் 'வெயிட்டிங் பீரியட்' கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள். தெளிப்பதற்கு முன் காத்திருக்கும் நாள் என்று எழுதுபவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அர்த்தத்தைச் சொல்லிவிடாமல், நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் வட்டமிடச் சொல்லுங்கள்.

இலக்கணத்துக்கு 'இஃப் ஸ்வாலோட்' என்ற இரண்டே சொல் போதும். எழுவாயும் துணைவினையும் மறைந்திருப்பதால், 'அவன் விழுங்கினால்' என்று படிக்கிறார்கள். 'இஃப் இட் இஸ்' என்று நிரப்பி எழுத வைத்தால் தெளிகிறது. லேபிளில் நச்சின் கடுமையைக் காட்டும் முக்கோண நிறங்களையும் சேர்த்தே நடத்தலாம்: சிவப்பு, மஞ்சளுக்கு 'பாய்சன்', நீலத்துக்கு 'டேஞ்சர்', பச்சைக்கு 'காஷன்'.

உரையாடல் பயிற்சிக்கு இந்தத் தாள் உதவாது.

கால்நடைப் பாடத்துக்குக் குப்பி லேபிள்களைத் தனியே திரட்ட வேண்டும். அங்கே அகராதி கைவிட்டுவிடும். 'டிரை கவ்' என்பது காய்ந்த மாடல்ல, கன்று ஈனுமுன் பால் வற்றவிட்ட மாடு. 'ஹீட்' காய்ச்சலல்ல, சினைப்பருவம். கோமாரித் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி, 'டூ நாட் ஃப்ரீஸ்' என்றிருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதே என்று புரிந்துகொள்பவர் மருந்தை வெளியே வைத்துக் கெடுப்பார். சரியாகப் படிக்காதவர் ஃப்ரீசரில் வைத்துக் கெடுப்பார். ஃப்ரிட்ஜின் படத்தை வரைந்து, குப்பியை எந்தத் தட்டில் வைப்பது என்று கேளுங்கள்.