16 வருட எண்ணோடு சிம் மாறினேன்

கோவில்பட்டியில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பலகையில் பெயிண்டில் எழுதிய கைபேசி எண்ணுக்கு 16 வயது. 2009இல் ஒருமுறை நிறுவனம் மாறியபோது எண்ணும் மாறிப்போய், பழைய வாடிக்கையாளர் பலர் அதோடு வரவே இல்லை. எண்ணை வைத்துக்கொண்டே மாறும் வசதி 2011 ஜனவரி 20இல் நாடு முழுக்க வந்துவிட்டது. ஆனாலும் பட்ட பயம், போன மாதம்வரை அந்தப் பக்கமே போகவில்லை.

கடைக்குள் சிக்னல் நிற்காது. கழுத்து டிசைன் படம் இறங்க வாசல்படிக்கு ஓட வேண்டும். ஒன்றரை வருடம் புகார் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு என் எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். மறுநாளே பழைய நிறுவனத்திலிருந்து போன்: "மேடம், உங்களுக்கு மட்டும் குறைந்த விலையில் பேக் தருகிறோம்." மனசு ரொம்பவே வலித்தது. இத்தனை வருடம் தேதி தவறாமல் ரீசார்ஜ் செய்தபோது அந்த விலை எங்கே இருந்தது? வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

மாற்றும் முறைக்குக் குறையே சொல்ல மாட்டேன். எண்ணை மாற்ற, புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய எட்டு எழுத்துள்ள கோட் உடனே வந்தது. நான்கு நாள்தான் செல்லும். புது சிம் கடையில் ஆதார் கைரேகை கேட்டார்கள். ஊசி பட்டுத் தேய்ந்த கட்டைவிரல் இரண்டு தடவை பதியவில்லை. "அக்கா, நடுவிரலை வையுங்க" என்றான் அந்தத் தம்பி, பதிந்தது. ஒரே மாநிலத்துக்குள் மூன்று வேலை நாள் என்பது விதி. மூன்றாம் நாள் இரவு பழைய சிம் அடங்கியதும் புதியதைப் போட்டேன், அதே எண்.

ஒரு நஷ்டம், பழைய பேக்கில் மீதியிருந்த 11 நாள் போய்விட்டது. பேக் முடியும் சமயத்தில் மாறுங்கள். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் 1900க்குப் போகும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கோட் வராது. மாறியபின் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். அதனால் முதலில் பக்கத்துக் கடைக்காரர் போனை வாங்கி உங்கள் இடத்தில் சிக்னல் பாருங்கள். நான் சேர்ந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லாததும் அதனால்தான், என் தெருவில் எடுப்பது உங்கள் தெருவில் எடுக்காமல் போகலாம்.

நேற்று மிஷினை விட்டு எழாமலே ஒரு பானை கழுத்துப் படம் வந்து இறங்கியது. பார்த்தபடியே துணியில் சாக்பீஸ் போட்டேன்.