இரண்டாவது மூக்கு அறுவை: காதா, விலாவா, சிலிக்கானா?

மூக்கு அழகு அறுவை ஒருமுறை செய்துகொண்டு, தோற்றம் மனத்துக்கு ஒவ்வாமலோ மூச்சு விடச் சிரமப்பட்டோ மறுபடி மருத்துவரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடு வருகிறார்கள். எந்த வடிவம் வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. அந்த வடிவத்தைத் தாங்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்பது அறுவை நிபுணருடைய கேள்வி. மூக்குத் தண்டு பள்ளமாவது, நுனி கிள்ளி வைத்தாற்போல் ஒடுங்குவது, மூச்சை இழுக்கும்போது மடல் உள்ளே ஒட்டிக்கொள்வது ஆகிய குறைகளில் பல, முதல் அறுவையில் குருத்தெலும்பை அளவுக்கு மீறிச் செதுக்கியதால் வருபவை. எடுத்ததை ஈடுகட்டாமல் இவற்றைச் சரிசெய்ய முடியாது.

அந்த ஈட்டுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் மூக்கின் நடுச்சுவரே. அங்குள்ள குருத்தெலும்பு தட்டையானது, உறுதியானது. உடலில் வேறோர் இடத்தில் கீறவும் வேண்டியதில்லை. கன்னத்தை விரலால் வெளிப்பக்கமாக இழுத்தால் மூச்சு இலகுவாகிறது என்றால் உள்வழி ஒடுங்கியிருக்கலாம். அதை அகலப்படுத்த நடுச்சுவரிலிருந்து எடுத்த மெல்லிய பட்டைகளை இருபுறமும் செருகித் தைக்கும் முறையை அமெரிக்க அறுவை நிபுணர் ஷீன் 1984-இல் விவரித்தார், இன்றும் அதுவே வழக்கம். ஆனால் நடுச்சுவரின் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது 1 செ.மீ. அகலத்தை விட்டுவைத்தாக வேண்டும், இல்லையேல் தண்டு சரியும். முதல் மருத்துவர் அதுவரை எடுத்துவிட்டிருந்தால் இரண்டாமவருக்கு எதுவும் மிஞ்சாது. பஞ்சு சுற்றிய குச்சியால் நடுச்சுவரை மெல்ல அழுத்திப் பார்த்தால் இது ஓரளவு தெரிந்துவிடும்: குருத்தெலும்பு உள்ள இடம் எதிர்த்து நிற்கும், இல்லாத இடம் திரைச்சீலைபோல் அசையும். பழைய அறுவைக் குறிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் இருப்பது அரிது.

நடுச்சுவர் காலி என்றால், அடுத்தது காதுமடலின் குழிவான பகுதி. காதின் பின்மடிப்பில் கீறி எடுப்பதால் தழும்பு கண்ணில் படாது. ஓரத்தை விட்டுவைத்தால் காதின் உருவமும் பெரிதாக மாறாது. அதன் இயல்பான வளைவு மூக்கு மடலுக்கும் நுனிக்கும் பொருந்திப் போகிறது. அந்த மென்மையே அதன் குறையும்கூட, ஏனெனில் அதனால் தூணாக நிற்க இயலாது. விலாவில் கை வைக்க வேண்டாம், காதிலேயே முடித்துவிடுங்கள் என்று கேட்பவர்களின் பயம் புரிகிறது. ஆனால் தண்டு முழுவதும் சரிந்த மூக்கில் காதுக் குருத்தெலும்பை மட்டும் நம்புவது, கால் உடைந்த நாற்காலிக்கு மெத்தை போடுவதைப் போன்றது.

விலாவின் முன்பகுதிக் குருத்தெலும்பு வேண்டிய அளவுக்குக் கிடைக்கும், வலுவானது. பெரும்பாலும் 6 அல்லது 7-ஆவது விலாவிலிருந்து எடுக்கிறார்கள். பெண்களுக்கு மார்பகத்தின் அடிமடிப்பில் கீறினால் தழும்பு மறைந்துகொள்ளும். இதற்கான விலை மூன்று. முதலாவது வலி: சில நாள்கள் இருமினாலும் ஆழமாக மூச்சிழுத்தாலும் அறுவை செய்த இடம் சுண்டும். இரண்டாவது, நுரையீரலின் உறை கிழிவதற்கான சிறிய வாய்ப்பு: தையல் போடுமுன் காயத்தைச் சலைனால் நிரப்பி, மயக்க மருத்துவரை நுரையீரலைக் காற்றால் விரிக்கச் சொல்லி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது, வைத்த துண்டு வளைதல். ஆய்வாளர்கள் கிப்சனும் டேவிசும் 1958-இல் சொன்னபடி எல்லாப் பக்கமும் சமமாகச் செதுக்கிக் குருத்தெலும்பின் நடுப்பகுதியைப் பயன்படுத்தினால் அது குறையும். செதுக்கிய துண்டைச் சலைனில் சிறிது நேரம் ஊறவிட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று கவனித்த பிறகே வைப்பவர்கள் உண்டு. வயது கூடக்கூட இந்தக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறி இறுகும் என்பதால் வயதானவர்களுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுப்பது பயன்தரும். குருத்தெலும்பைப் பொடிப்பொடியாக நறுக்கி நெற்றிப்பொட்டுத் தசையின் சவ்வில் பொதிந்து வைத்தால் வளைதல் பிரச்சினையே எழாது. ஆனால் அந்தப் பொதி தண்டுக்கு உயரம் தருமே தவிர முட்டுக்கொடுக்காது.

இறந்தவரிடமிருந்து பெற்றுக் கதிர்வீச்சால் பக்குவப்படுத்திய விலாக் குருத்தெலும்புக்கு மார்பில் கீற வேண்டியதில்லை. காலப்போக்கில் கரையும் வாய்ப்பு அதற்கு உண்டு. சிலிக்கானை நான் இந்த வரிசையில் கடைசியில் வைப்பேன். கிழக்காசிய நாடுகளில் முதல் அறுவைக்கு அது பரவலாகப் பயன்படுகிறது, வேலையும் விரைவாக முடியும். ஆனால் ஏற்கெனவே வெட்டித் தழும்பேறி இரத்த ஓட்டம் குறைந்த தோலுக்கு அடியில் அந்நியப் பொருளை வைத்தால் தொற்று ஏற்படுவதும், நுனியில் தோல் மெலிந்து சிவந்து பொருள் வெளியே துருத்துவதும் நடக்கக்கூடியவை.

ஃபில்லர் ஊசி தனி வகை. தண்டிலுள்ள சிறு பள்ளத்தை ஹையலூரோனிக் அமிலத்தால் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம், பிடிக்காவிட்டால் கரைக்கவும் மருந்து உண்டு; ஏறத்தாழ ஓராண்டு நிற்கும். மூச்சடைப்பை அது தீர்க்காது. கத்தியில்லாத வழி என்பதாலேயே இதைப் பாதுகாப்பானது என்று எண்ணுவதுதான் தவறு: அறுவை நடந்த மூக்கில் இரத்தக் குழாய்கள் இடம் மாறியும் தழும்பில் சிக்கியும் கிடக்கும், அவற்றுக்குள் ஃபில்லர் புகுந்தால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம்.

எதைத் தேர்ந்தாலும் முதல் அறுவைக்குப் பின் ஓராண்டாவது காத்திருக்க வேண்டும். தோல் தடித்தவர்களுக்கு நுனி வீக்கம் வடிய அதற்கும் மேலாகும். தொற்றோ வெளியே துருத்தும் சிலிக்கானோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நடுச்சுவரில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது மூக்கைத் திறந்த பிறகே உறுதியாகத் தெரியும் என்பதால், காதையும் விலாவையும் தொடச் சம்மதமா என்பதை ஒப்புதல் படிவத்தில் மருத்துவர் முதல்நாளே எழுதி வாங்குகிறாரா என்று பாருங்கள். எதுவும் கேட்காமல், வடிவத்தை மட்டும் கணினித் திரையில் காட்டுபவரிடம் அந்தக் கேள்வியை நீங்களே கேட்கலாம்.